மந்திரம் கற்ற பெண்ணும் சிறைவைத்த ராணியும்

ஆதம்பாக்கத்தில் ஓர் அடுக்குமாடி வீடு. பிளஸ் டூ படிக்கும் பேத்தி அறுநூறு பக்க ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கீழே வைக்காமல் படித்துக்கொண்டிருக்கிறாள். அட்டையில் வாளேந்திய பெண்.

“அப்படி என்னடி கதை அதுல?”

“ஒரு ராஜா மந்திரத்துக்கே தடை போட்டுட்டார், பாட்டி. ஒரு பொண்ணுக்கு மட்டும் அது ரத்தத்துலயே இருக்கு. தெரிஞ்சா தலை போயிடும்.”

“அந்த மந்திரவாதியோட உசுரு எந்தக் கிளிக்குள்ள இருக்கு?”

பேத்தி சிரிக்கிறாள். பாட்டி கேட்டது வேடிக்கையான கேள்விதான்; ஆனால் இரண்டு தலைமுறைகளின் மாயக் கதைகளுக்கு நடுவே உள்ள தூரத்தை அதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. பாட்டி வளர்ந்த கதைகளில் மந்திரம் கெட்டவன் கையில் இருக்கும். ஏழு கடல் தாண்டி, அவன் உயிர் ஒளிந்திருக்கும் கிளியைத் தேடிப் பிடித்துக் கழுத்தைத் திருகுவது இளவரசனின் வேலை. பேத்தி படிக்கும் கதையில் மந்திரம் கதாநாயகியின் கையில் இருக்கிறது. கெட்டது அரண்மனை.

பாட்டியின் கதைகள் அச்சான இடம் ஆதம்பாக்கத்திலிருந்து அதிக தூரமில்லை. கிண்டியைத் தாண்டி அசோக் நகர் வழியாகப் போனால் வடபழனி. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ சிறுவர் இதழ் அங்கே ஆற்காடு சாலையிலிருந்துதான் வெளிவந்தது. தெலுங்கில் அதன் பெயர் ‘சந்தமாமா’. பிறகு பத்துக்கும் மேற்பட்ட மொழிகளுக்குப் பரவியது. அதில் எல்லோருக்கும் நினைவிருப்பது விக்கிரமாதித்தன் தோளில் தொங்கிய வேதாளம். வடமொழியில் வேதாளம் சொல்லும் கதைகள் மொத்தம் இருபத்தைந்து. 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்து சோமதேவர் தொகுத்த ‘கதாசரித்சாகர’த்தில் அவை இருக்கின்றன. மாதத்துக்கு ஒன்று போட்டால் இரண்டே ஆண்டில் கையிருப்பு காலி. ஆசிரியர் குழு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது: எங்கிருந்தோ கிடைத்த ஒரு ராஜா கதையை வேதாளத்தின் வாயில் போட்டு, கடைசியில் ஒரு புதிர்க் கேள்வியையும் சேர்த்துவிட்டால் போதும். வேதாளம் பல பத்தாண்டுகளுக்குச் சளைக்காமல் முருங்கை மரம் ஏறியது.

அந்த வேதாளத்துக்கு முகம் கொடுத்தவர் ஓவியர் சங்கர். தாராபுரம் பக்கத்துக் கிராமத்தில் 1924இல் பிறந்த கே.சி. சிவசங்கரன்தான் அவர். 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்து, இதழ் நின்றுபோகும் காலம்வரை வரைந்தார். உருவிய வாளோடு சுடுகாட்டில் நடக்கும் ராஜாவும், தோளில் வெள்ளை முடி தொங்கக் கிடக்கும் உருவமும் அவர் கைவண்ணம். 2020இல் அவர் மறைந்தார். பத்மஸ்ரீ விருது அடுத்த ஆண்டுதான் வந்தது.

அம்புலிமாமாவைத் தொடங்கியவர்களே திரையிலும் மாயக் கதையை விதைத்தார்கள். அவர்களுடைய விஜயா நிறுவனம் 1951இல் தயாரித்த ‘பாதாள பைரவி’யை இயக்கியவர் கே.வி. ரெட்டி. இளவரசியைக் காதலிக்கும் தோட்டக்காரன் மகனாக என்.டி. ராமராவ், அவனைப் பலி கொடுத்து வரம் பெறத் துடிக்கும் நேபாள மந்திரவாதியாக எஸ்.வி. ரங்காராவ். படத்தை யார் தூக்கி நிறுத்தினார் என்று கேட்டால் பழைய ரசிகர்கள் யோசிக்காமல் ரங்காராவ் பெயரைச் சொல்வார்கள். அதுதான் இந்த வகைக் கதையின் ரகசியமும்கூட. கதையின் ருசி முழுவதும் மந்திரவாதியிடம் இருக்கிறது. நீதி மட்டும் நாயகன் பக்கம் நிற்கிறது.

விக்கிரமாதித்தன் கதையிலேயே இதைவிடக் கூர்மையான ஓரிடம் உண்டு. ராஜா கூடுவிட்டுக் கூடு பாயும் வித்தையைக் கற்கிறார். வேலைக்காரன் ஒருவன் மறைந்திருந்து அதை ஒட்டுக்கேட்டுவிடுகிறான். ராஜா ஒரு செத்த கிளியின் உடலுக்குள் புகுந்த நேரம் பார்த்து, காலியாகக் கிடந்த ராஜ உடலுக்குள் இவன் நுழைந்துகொள்கிறான். அரியணையில் திருடன், மரக்கிளையில் அரசன். கற்கக் கூடாதவன் கற்றால் என்ன ஆகும் என்பதுதான் அங்கே பயம். ராஜா மந்திரம் கற்பதில் தவறே இல்லை; வேலைக்காரன் கற்றால்தான் ஆபத்து!

பேத்தி படிக்கும் நாவல்கள் இந்த ஏற்பாட்டைத் தலைகீழாக்குகின்றன. பதின்வயதினருக்கென எழுதப்படுவதால் ‘யங் அடல்ட்’ என்று பெயர். படிப்பவர்களில் முப்பது, நாற்பது வயதுக்காரர்களும் உண்டு. சாரா ஜே. மாஸ் எழுதி 2012இல் வெளியான ‘த்ரோன் ஆஃப் கிளாஸ்’ நாவலில் ஆட்கொல்லியாக வளர்க்கப்பட்ட பதினெட்டு வயதுப் பெண்ணை, மந்திரத்தைத் தடைசெய்த ராஜாவின் கண்ணாடி மாளிகைக்கே கொண்டுவருகிறார்கள். நைஜீரிய வம்சாவளி அமெரிக்கரான டோமி அடெயெமியின் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ 2018இல் வந்தது. அதில் ராஜா ஒரே இரவில் மந்திரக்காரர்களைக் கொன்று குவித்தவன். தாயை அப்படிப் பறிகொடுத்த மகள் மந்திரத்தை மீட்கக் கிளம்புகிறாள். அந்த ராஜாவின் மகளே அவளோடு சேர்ந்துகொள்கிறாள். அமெரிக்காவில் கறுப்பின மக்கள் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்படுவதைப் பார்த்த வேதனையில் எழுதியதாக ஆசிரியரே சொல்லியிருக்கிறார். இங்கே ‘தடைசெய்யப்பட்ட மந்திரம்’ என்பதற்கு, ஒரு கூட்டத்தாரிடமிருந்து பறிக்கப்பட்ட மொழி, சாமி, பெருமை என்றெல்லாம் பொருள் விரிகிறது.

மந்திரம் தெரிந்த பெண்ணுக்கு நம் நாட்டில் இன்னொரு பெயர் சூனியக்காரி; அந்தச் சொல்லை அவ்வளவு லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. சூனியக்காரி என்று முத்திரை குத்திப் பெண்களை அடித்துக் கொல்வதைத் தடுக்க பீகார் 1999இல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. 2001இல் ஜார்க்கண்ட் அதைப் பின்பற்றியது. அப்படிப் பலியானவர்கள் பெரும்பாலும் விதவைகள், நிலம் வைத்திருந்த ஒண்டிப் பெண்கள்.

மந்திரம் தெரிந்த கதாநாயகி, கெட்ட அரண்மனை என்பதெல்லாம் வெளிநாட்டு இறக்குமதி என்று பாட்டி நினைத்தால் அவரிடம் மணிமேகலையை எடுத்துக் கொடுக்கலாம். 1898இல் உ.வே. சாமிநாதையர் பதிப்பித்த அந்தக் காப்பியம் பள்ளிப் பாடத்தில் அமுதசுரபி என்னும் மாயப் பாத்திரமும் அறமுமாக வந்துபோகிறது. பறக்கும் பெண் பாடத்தில் அதிகம் தென்படுவதில்லை. முழுக் கதையோ வேறு மாதிரி. மணிமேகலை, புகார் நகரில் கணிகையர் குலத்தில் பிறந்த இளம்பெண். அவளை விடாமல் துரத்துகிறான் சோழ இளவரசன் உதயகுமரன். அவள் மனமும் அவன் பக்கம் சாய்கிறது. முற்பிறவியில் அவன் அவள் கணவன். தெய்வம் ஒன்று அவளைத் தூக்கிச் சென்று மணிபல்லவத் தீவில் விட்டு, மூன்று மந்திரங்களைக் கற்பிக்கிறது: வேறு உருவம் எடுக்க, வானில் பறக்க, பசியை வெல்ல. இன்றைய நாவல் என்றால் இவ்வளவுக்கே முதல் பாகம் முடிந்திருக்கும்.

இளவரசனிடமிருந்து தப்ப, காயசண்டிகை என்னும் வித்தியாதரப் பெண்ணின் உருவத்தை மணிமேகலை எடுக்கிறாள். தீராப் பசி நோய் கொண்டிருந்தவள் அந்தக் காயசண்டிகை. அவளைத் தேடி வந்த கணவன் காஞ்சனன், தன் மனைவிதான் இளவரசனோடு பழகுகிறாள் என்று தவறாக எண்ணி, இரவில் உதயகுமரனை வெட்டிச் சாய்க்கிறான். மந்திரம் அவளைக் காப்பாற்றியது. அதே மந்திரம் அவள் மனம் சாய்ந்தவனைக் கொன்றது. எந்த யங் அடல்ட் எழுத்தாளரும் இந்தத் திருப்பத்துக்கு ஏங்குவார்.

அதன் பிறகுதான் அரண்மனை வருகிறது. மகனை இழந்த ராணி இராசமாதேவி, பரிவு காட்டுவதுபோல மணிமேகலையைத் தன்னிடம் வரவழைத்துக்கொள்கிறாள். புத்தி பேதலிக்க மருந்து கொடுக்கிறாள், மருந்து பலிக்கவில்லை. ஓர் இளைஞனை ஏவி அவமானப்படுத்தப் பார்க்கிறாள். மணிமேகலை ஆண் உருவாக நிற்க, வந்தவன் மிரண்டு ஓடுகிறான். நோய் என்று பொய் சொல்லிப் புழுக்கறையில் பூட்டிச் சோறு தண்ணீர் இல்லாமல் போடுகிறாள். பசி மந்திரம் தெரிந்தவள் வாடவே இல்லை. இந்தச் சித்திரவதைகளில் இரண்டுக்கு, கற்ற மந்திரமே விடையாகும்படி காப்பியத்தை எழுதிய சாத்தனார் கணக்காகக் கட்டியிருக்கிறார். ராணி கடைசியில் அஞ்சி மன்னிப்புக் கேட்கிறாள். மணிமேகலை பழிவாங்கவில்லை, உடலுக்காக அழுகிறாயா, உயிருக்காக அழுகிறாயா என்ற பொருளில் ராணியிடமே திருப்பிக் கேட்கிறாள். அறக்கருத்து அங்கே கொஞ்சம் நீண்டுவிடுகிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. பௌத்தக் காப்பியம் ஆயிற்றே.

பிரெஞ்சு அறிஞர் அலென் தானியேலு இந்தக் காப்பியத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து 1989இல் வெளியிட்டார். அவர் அதற்கு வைத்த துணைத் தலைப்புக்கு ‘மாயப் பாத்திரம் ஏந்திய நடனக்காரி’ என்று பொருள். புத்தகக் கடையில் பேத்தியின் அறுநூறு பக்க நாவலுக்குப் பக்கத்திலேயே அதை அடுக்கிவிடலாம்.