பழைய மோட்டார் வண்டியின் உள்ளோசைகள்

மதுரை கே.கே. நகரில் எங்கள் இல்லத்து முன்றிலில் ஒரு கான்டெசா வண்டி நிற்கின்றது. என் பாட்டனார் அதனை 1996ஆம் ஆண்டில் வாங்கினார். 1970களில் இங்கிலாந்து நாட்டு வாக்ஸால் நிறுவனத்தார் செய்த விக்டர் வண்டியின் வடிவத்தைத் தழுவி, வங்காளத்து உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் 1984 முதல் 2002 வரை இதனைச் செய்து வந்தனர். அம்பாசடரும் பியட்டுமே சாலையெங்கும் ஓடிய அந்நாளில், நீண்ட முகப்பும் அகன்ற மெத்தையிருக்கையும் உடைய கான்டெசா செல்வர்தம் வண்டியாக மதிக்கப்பட்டது. நம் தமிழ்நாட்டிலும் சென்னை ஸ்டாண்டர்டு நிறுவனத்தார், ரோவர் வண்டியின் வடிவில் ஸ்டாண்டர்டு 2000 என்னும் உயர்தர வண்டியை 1985இல் வெளியிட்டனர். அஃது ஒரு சில ஆண்டுகளே நிலைத்தது. இத்தகைய பழவண்டிகளைக் காப்போர் இன்றும் ஆங்காங்கு உளர். அவர்கள் யாவர்க்கும் பொதுவாயதோர் இடரைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தேன். அஃதாவது, வண்டியின் உட்புறத்தே எழும் ஓயாத ஓசை.

எங்கள் வண்டியின் பொறிக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆயினும் அது சாலையில் இறங்கிய அளவிலே, பாத்திரக் கடையைத் தூக்கிக்கொண்டு ஓடுவது போலிருக்கும். கதவு கடகடக்கும்; கூரைத் துணி தொங்கித் தலையில் படும்; பலகை கிறீச்சிடும். காது சற்று மந்தமான என் பாட்டியார், "இதற்குள் இருந்தால் நீங்கள் பேசுவது ஒன்றும் கேட்கவில்லை" என்று கூறி, அவ்வண்டியில் ஏறுவதையே விட்டுவிட்டார். தனியார் வண்டிக்கு முதற்பதிவு பதினைந்தாண்டு செல்லும். அதன்பின் ஐந்தாண்டுக்கு ஒருமுறை தகுதி ஆய்ந்து புதுப்பித்தல் வேண்டும். புதுப்பிக்கும் நாள் அணுகியபொழுது, "இனி எதற்கு? பழைய இரும்புக்குப் போட்டுவிடலாம்" என்றார் என் தந்தையார். பாட்டனார் மறுமொழி ஒன்றும் கூறவில்லை. மாலையில் வழக்கம்போல வண்டியைத் துடைக்கச் சென்றார். அதைக் கண்டு, விடுமுறை முப்பது நாளையும் இவ்வோசைகளை ஆராய்வதில் கழிப்பதென உறுதி கொண்டேன்.

முதற்கண் ஓசை எதனால் எழுகின்றதென அறிதல் வேண்டும். வண்டியின் உடல் எஃகு. அதன் உட்போர்வையோ பிளாஸ்டிக், ரப்பர், துணி, ஸ்பாஞ்சு முதலிய பல பொருள்களால் ஆயது. ஏ.பி.எஸ். போன்ற கடினப் பிளாஸ்டிக் வெப்பத்தால் எஃகினும் ஆறேழு மடங்கு மிகுதியாக விரியும். மதுரைக் கோடையில் மூடிய வண்டியின் உட்புறம் எத்துணைச் சுடும் என்பதை யாவரும் அறிவர். இரவிற்கும் நண்பகலுக்கும் இடையே 40 பாகை வேறுபாடு எனக் கொண்டால், ஒரு மீட்டர் நீள எஃகு அரை மில்லிமீட்டர் நீளும். அதே நீளப் பிளாஸ்டிக் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளும். இங்ஙனம் நாள்தோறும் நீண்டும் சுருங்கியும் வருதலால் அதனைப் பற்றிய கிளிப்புகள் தளர்கின்றன. திருகாணித் துளைகள் அகலுகின்றன. இடையிலிட்ட ஸ்பாஞ்சு நாளடைவில் மாவாய் உதிர்கின்றது. ரப்பர் தன் மென்மை இழந்து கட்டையாகின்றது. நெருங்கியிருந்த இரு பொருள்களிடையே இடைவெளி பிறக்கின்றது. இடைவெளி பிறந்தவிடத்து ஓசையும் பிறக்கின்றது.

மோட்டார்ப் பொறியாளர் இவ்வோசைகளை மூன்று இனமாகப் பகுப்பர். ஒன்றையொன்று மோதுவதால் எழுவது ஓரினம். ஒன்றன்மேல் ஒன்று உராய்வதால் எழுவது மற்றோரினம். மெல்லிய தகடோ மூடியோ பொறியின் அதிர்வுக்கு ஒத்து அதிர்ந்து இரைவது மூன்றாம் இனம். தமிழ் பயிலும் எனக்கு இப்பகுப்பைக் கற்றபொழுது நம் இரட்டைக்கிளவிகள் நினைவிற்கு வந்தன. கடகட என்பதும் கலகல என்பதும் மோதல். முன்னது பருத்த பொருள், பின்னது சிறிய பொருள். நறநற என்பதும் கிறீச்கிறீச் என்பதும் உராய்வு. கிர்ர் என நீள்வது இரைச்சல். எனவே, "வண்டியில் சத்தம்" என்று பொதுப்படக் கூறாது, கேட்டதைக் கேட்டவாறே ஒரு சொல்லாற் குறித்துக்கொண்டால் பாதி நோய் தெரிந்தவாறாம். யான் ஒரு குறிப்பேடு வைத்து, ஓசையின் பெயர், வண்டியின் விரைவு, சாலையின் தன்மை, காலையோ நண்பகலோ என்பது ஆகிய நான்கையும் எழுதி வந்தேன். காலையில் மட்டும் கிறீச்சிட்ட பலகை, வெயிலேறியதும் வாய் மூடியது கண்டேன். வெப்பத்தால் விரிந்து இடைவெளியை அடைத்துக்கொண்டதே அதன் காரணம்.

நிற்க. ஓசை பிறக்குமிடத்தைக் காணும் முறையைக் கூறுவேன். முதலில் வண்டியை வெறுமையாக்குதல் வேண்டும். சாம்பற்கிண்ணத்திற் கிடந்த காசுகள், முன்னறையிற் கிடந்த சாவிகள், டிக்கியிற் கிடந்த ஜாக்கி, ஸ்பானர் யாவற்றையும் இறக்கினோம். ஸ்டெப்னி சக்கரத்தை இறுகக் கட்டினோம். இச்செயல் ஒன்றினாலேயே ஓசையில் காற்பங்கு ஒழிந்தது என்றால் நம்புவார் அரியர். ஆயினும் உண்மை அதுவே. இரண்டாவது, நாள்தோறும் ஒரே சாலையில், ஒரே விரைவில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு ஓட்டுதல் வேண்டும். வண்டியூர்க் கண்மாய்ப் பக்கமிருந்து மாட்டுத்தாவணி வரை அதிகாலையிற் செல்வதை வழக்கமாக்கினோம். பாட்டனார் ஓட்டுவார், யான் பின்னிருக்கையில் அமர்ந்து கேட்பேன். ஓட்டுபவர் ஓசையைத் தேடலாகாது. அவர் கண் சாலையிலேயே இருத்தல் வேண்டும். ஐயமுற்ற இடத்தை உள்ளங்கையால் அழுத்துக. ஓசை நின்றால் இடம் அதுவே, அன்றேல் அதன் அண்டையில் உளது. கை எட்டாத இணைப்புகளின்மேல், வண்ணம் பூசுவோர் ஒட்டும் காகித நாடாவை எல்லாவற்றிலும் ஒட்டிவிட்டு, நாளுக்கு ஒன்றாக உரித்துக்கொண்டே வருக. எதனை உரித்தபின் ஓசை மீள்கின்றதோ அதுவே குற்றவாளி. நின்ற வண்டியில் பொறியின் வேகத்தை மெல்ல உயர்த்தும்பொழுதே இரைச்சல் எழுமாயின், அது சாலையால் வருவதன்று. பொறியின் அதிர்வால் வருவது.

இனிப் பழுது நீக்குமாறு. மோதும் பொருள்களுக்கிடையே ஃபெல்ட் துணி நாடாவை ஒட்டுதல் வேண்டும். உடைந்த கிளிப்புக்குப் புதுக் கிளிப்பு இடுவதே முறை. சென்னைப் புதுப்பேட்டை போன்ற பழம்பொருட் கடைத்தெருக்களில் பழைய வண்டிகளின் உறுப்புகள் கிடைக்கின்றன. அகன்ற துளைக்கு ஒரு படி பருத்த திருகாணியும் வாஷரும் போதும். அளவுக்கு மிஞ்சி முறுக்கினால் பழம் பிளாஸ்டிக் பிளந்துவிடும். கதவின் பீடிங் ரப்பர் உலர்ந்து முனகினால் சிலிக்கான் பசையைத் தடவுக. பொறியெண்ணெயையும் கிரீசையும் தடவுவோர் பலர். அவை நாளடைவில் ரப்பரை ஊதச்செய்து கெடுக்கும். கதவு முழுமையும் கடகடத்தால், தூணிலுள்ள பூட்டுக்கொளுவி தேய்ந்தோ நகர்ந்தோ இருக்கும். அதனைத் தளர்த்துமுன் இருந்த இடத்தைப் பென்சிலால் வரைந்துகொள்ளுதல் நன்று. பாதி இறக்கிய கண்ணாடி மட்டும் ஆடுமாயின், அஃது ஏறியிறங்கும் காடியிலுள்ள ஃபெல்ட் தேய்ந்தது எனக் கொள்க.

தொங்கும் கூரைத் துணிக்குக் குண்டூசி குத்துவாரும், துணியினூடே பசை ஊற்றுவாரும் உளர். இரண்டும் நில்லா. துணியின் பின்னே ஒட்டியுள்ள மெல்லிய ஸ்பாஞ்சு பொடியாகிவிட்டதே குறை. பொடியின்மேல் எப்பசையும் பற்றாது. அட்டையைக் கழற்றி, பழந்துணியை உரித்து, பொடி முற்றும் போகத் தூரிகையால் துடைத்து, ஸ்பாஞ்சு பிணைத்த புதுத்துணியை வெப்பந்தாங்கும் பசைகொண்டு நடுவிலிருந்து ஓரம் நோக்கி ஒட்டுதல் வேண்டும். அது பழகிய கை வேண்டும் தொழில். ஆதலின் அதனைக் குஷன் கடைக்காரரிடமே விட்டோம். டி.வி.எஸ். நிறுவனம் 1911இல் தோன்றிய நாள்தொட்டு மோட்டார்த் தொழில் வேரூன்றிய நம் நகரில் அத்தகு கைகளுக்குக் குறைவில்லை.

யான் செய்த பிழையொன்றையும் மறைக்கலாகாது. தொடக்கத்தே கதவின் கடகடப்பை அடக்க, பழைய வேட்டியைக் கிழித்து அதன் உள்ளே திணித்தேன். ஓசை அன்றே அடங்கிற்று. வீட்டார் என்னை வியந்தனர். இரு வாரத்தின்பின் ஒரு கோடைமழை பெய்தது. கண்ணாடி வழியே கதவினுள் நீர் இறங்குவது இயல்பு. அது வெளியேறவே கதவின் அடியில் சிறு துளைகள் வைத்துள்ளனர். யான் திணித்த துணியோ அத்துளைகளை அடைத்து, நீரையும் உறிஞ்சிக்கொண்டு கிடந்தது. டோர் பேடைக் கழற்றிப் பார்த்தபொழுது துரு அரும்பக் கண்டேன். அத்துணியை எடுத்தெறிந்து, துளைகளைக் கம்பியால் திறந்து, துருவைச் சுரண்டி வண்ணம் பூசினேன். நீர் புகும் இடத்தில் நீரை ஏற்கும் பொருளை வைக்கலாகாது என்பதை அங்ஙனம் கற்றேன். டோர் பேடின் பின்னுள்ள பிளாஸ்டிக் தாளையும் மீண்டும் ஒட்டாது விடலாகாது. ஈரம் உள்ளே வாராது தடுப்பது அதுவே.

இவ்வாறு ஒவ்வொன்றாய் ஒழிந்து வர, குறிப்பேட்டில் ஒரே ஓர் ஓசை எஞ்சி நின்றது. அது "டொக்" என்னும் ஒற்றை ஓசை. கரடுமுரடான சாலையில் அது கேட்பதில்லை. பிரேக் அழுத்தும்பொழுது ஒருமுறையும், வண்டி புறப்படும்பொழுது ஒருமுறையும் கேட்கும். முன்னெல்லாம் பிற ஓசைகளின் நடுவே மறைந்து கிடந்தது போலும். பலகையை அழுத்தினும் நிற்கவில்லை. நாடா ஒட்டினும் நிற்கவில்லை. இருக்கையின் அடியில் ஃபெல்ட் வைத்துப் பார்க்கலாம் என்று யான் கருதினேன். பாட்டனாரோ, "வேண்டாம் தம்பி, முதலில் மெக்கானிக்கிடம் காட்டுவோம்" என்றார்.

மெக்கானிக் விளக்கைப் பிடித்துக் குனிந்து பார்த்தார். ஓட்டுநர் இருக்கையின் தண்டவாளத்தைத் தரையோடு பிணைக்கும் போல்ட்டுகளுள் ஒன்று பெரிதும் தளர்ந்து கிடந்தது. அவர் நிமிர்ந்து, "தம்பி, இந்தச் சத்தத்தைப் பஞ்சு வைத்து அடைத்திருந்தால், மோதல் நேரும் நாளில் தாத்தாவோடு சீட்டும் சேர்ந்து போயிருக்கும்" என்றார். எனக்கு நாவெழவில்லை. தரைத்தகட்டில் துரு உண்டோ என்று தட்டிப் பார்த்து, இல்லை எனத் தெளிந்தபின், வலிய புதுப் போல்ட்டும் ஸ்பிரிங் வாஷரும் இட்டு முறுக்கினார். பின் மற்றைய போல்ட்டுகளையும் இருக்கைக் கச்சையின் பிணைப்புகளையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்தார்.

ஆகவே, இக்கட்டுரையைப் படிக்கும் அன்பர்கள் பிறவற்றை மறப்பினும் இதனை மறவாதிருத்தல் வேண்டும். சாலையின் மேடுபள்ளத்தைத் தொடர்ந்து வரும் ஓசை பெரும்பாலும் உட்போர்வையினுடையது. அதனை நாமே ஆராயலாம். பிரேக் அழுத்தும்பொழுதும், திரும்பும்பொழுதும், புறப்படும்பொழுதும் வரும் ஓசை அங்ஙனமன்று. அதனை அடக்க முயலாது, அறிந்தவரிடம் உடனே காட்டுதல் வேண்டும். காற்றுப்பை உடைய வண்டிகளில் திருப்புசக்கரத்தின் மூடியையும் அதனை அடுத்த பலகைகளையும் நாம் தொடவே கூடாது. தவறித் தூண்டப்பெற்றால் அது வெடித்து விரிந்து உயிருக்கு ஊறு செய்யும்.

தகுதி ஆய்வு முடிந்து பதிவு ஐந்தாண்டுக்குப் புதுப்பிக்கப்பட்டது. என் தந்தையாரும் தடை சொல்லவில்லை. மறுநாள் மாலை பாட்டியார் முன்னிருக்கையில் ஏறி அமர்ந்தார். மாட்டுத்தாவணி வரை சென்று மீளும் வழியெல்லாம் இருவரும் உரத்த குரலின்றிப் பேசிக்கொண்டே வந்தனர். யான் பின்னிருந்து கேட்டேன். முன்னறை மூடியருகே ஒரு சிறு கிணுகிணுப்பு இன்னும் உளது. அதனைத் தேடக் குறிப்பேட்டை எடுத்தபொழுது, "அது கிடக்கட்டும், எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று இப்பொழுது நமக்குத் தெரியுமே" என்றார் பாட்டனார்.