யூரியா மூட்டையும் ரசாயனக் கணக்கும்



சென்ற பருவத்தில் ஒரு கிராமத்துக்குப் போயிருந்தேன். ஒரு பெரியவர் தம் மக்காச்சோளக் கொல்லையைக் காட்டினார். "ஈரத்துல யூரியா தூவி பத்து நாளாச்சுங்க. பயிர் வெளுத்தே நிக்குது. உரத்துல கலப்படமுங்களா?" என்று கேட்டார். மேலாகத் தூவியவர், மண் அணைக்கவில்லை; தண்ணீரும் பாய்ச்சவில்லை. அவருடைய மகளின் நோட்டை வாங்கி ஒரு வரி எழுதிக் காட்டினேன்.

யூரியா + தண்ணீர் → 2 அம்மோனியா + கரியமில வாயு

இதற்கு ரசாயனச் சமன்பாடு என்று பெயர். மிரள வேண்டாம். வரவு செலவு பார்க்கத் தெரிந்தவருக்கு இதுவும் தெரியும். அம்புக்குறிக்கு இடப்பக்கம் நாம் போட்டது, வலப்பக்கம் கிடைத்தது. கூட்டல் குறியை 'உம்' என்று படியுங்கள். அம்புக்குறியை 'மாறி இப்படி ஆகிறது' என்று படியுங்கள்.

பாடப் புத்தகத்தில் பெயருக்குப் பதிலாக எழுத்துகள் இருக்கும். தண்ணீரை ஹெச் டூ ஓ என்பார்கள். ஹெச் என்பது ஹைட்ரஜன், ஓ என்பது ஆக்சிஜன். ஹெச்சுக்குப் பக்கத்தில் கீழே இருக்கிற சின்ன 2, தண்ணீரின் ஒரு மூலக்கூறில் ஹைட்ரஜன் அணு இரண்டு என்கிறது. பெயருக்கு முன்னால் நிற்கிற பெரிய 2 வேறு. மூலக்கூறே இரண்டு என்று அர்த்தம். ஒரு முடியில் எத்தனை நாற்று என்பது சின்ன எண். மொத்தம் எத்தனை முடி என்பது பெரிய எண்.

அம்மோனியாவுக்கு முன்னால் ஏன் 2 போட்டோம்? யூரியாவின் ஒரு மூலக்கூறில் நைட்ரஜன், அதாவது தழைச்சத்து, இரண்டு அணு. அம்மோனியாவில் ஒன்றுதான். இடப்பக்கம் இரண்டு இருந்தால் வலப்பக்கமும் இரண்டு இருந்தாக வேண்டும். எதுவும் புதிதாக முளைக்காது. எதுவும் காணாமலும் போகாது.

எடையும் அப்படியே. 60 கிலோ சுத்த யூரியாவும் 18 கிலோ தண்ணீரும் சேர்ந்தால் 34 கிலோ அம்மோனியா, 44 கிலோ கரியமில வாயு. இரண்டு பக்கமும் 78. அந்த 60 கிலோவில் தழைச்சத்து 28 கிலோ. நூற்றுக்கு 46 சொச்சம். மூட்டையில் 46 சதம் என்று போட்டிருக்கிறதே, அது வந்த வழி இதுதான். 45 கிலோ மூட்டையில் 20 கிலோ 700 கிராம் தழைச்சத்து.

அப்படியானால் பெரியவர் போட்ட சத்து எங்கே? அம்மோனியா ஒரு வாயு. மண்ணுக்குள் உண்டானால் ஈரத்தோடு சேர்ந்து அம்மோனியமாகிக் களிமண்ணில் ஒட்டிக்கொள்ளும், வேர் உறிஞ்சும். மேல்மண்ணில் உண்டானால் ஒரு பங்கு காற்றோடு போய்விடும். நல்ல வெயிலிலும் களர், சுண்ணாம்பு நிலத்திலும் இழப்பு இன்னும் கூடும்.

எது எதுவாக மாறும், எவ்வளவு என்று சமன்பாடு சொல்லும். எந்த இடத்தில் மாறும் என்று சொல்லாது. அது நம் கையில் இருக்கிறது. புன்செயில் யூரியாவைச் செடிக்குப் பக்கத்தில் இட்டு மண் அணையுங்கள். இல்லையேல் தூவியதும் தண்ணீர் பாய்ச்சுங்கள். நெல் வயலில் தண்ணீரை வடித்துவிட்டு மேலுரம் இட்டு, களை எடுக்கும்போதே சேற்றில் மிதித்துவிடுங்கள். பிறகு தண்ணீர் கட்டலாம். சாம்பலோடும் சுண்ணாம்போடும் கலக்கவே கூடாது. ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள்.

மூட்டையைக் குறை சொல்லுமுன் இந்த ஒரு வரியை நினைத்துப் பாருங்கள்.