வீட்டுக்குள் ஓர் ஒலிக்கூடம் – 9: வாங்கும் முன் ஒரு பாட்டை முடியுங்கள்

சென்ற வாரம் மைக், ஹெட்போன் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் இசைக்கோர்ப்பு மென்பொருள். பணம் போடுவதற்கு முன் அதிகம் யோசிக்க வேண்டிய இடம் இதுதான். மைக் ஒத்துவரவில்லை என்றால் பாதி விலைக்காவது யாரிடமாவது தள்ளிவிடலாம். மென்பொருளை அவ்வளவு சுலபமாக விற்க முடியாது. அதில் கை பழகிவிட்டால் இன்னொன்றுக்கு மாறுவதும் பெரும் பாடு. ஆகவே, நிறுவனங்கள் இலவசமாகத் தரும் ட்ரையல் பதிப்பை வீணாக்கக் கூடாது.

பலர் அதை வீணாக்கத்தான் செய்கிறார்கள். இறக்கியதும் உள்ளே இருக்கும் வாத்திய ஒலிகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார்கள். கூடவே வரும் டெமோ பாட்டை ஓட்டிக் கேட்பார்கள். பிரமாதமாகத்தான் இருக்கும், அதற்காகவே செய்துவைத்த பாட்டு அது. கெடு முடியும்போது கையில் நாலைந்து துண்டு மெட்டுகள் மிஞ்சும், வாங்கலாமா வேண்டாமா என்பது மட்டும் தெரிந்திருக்காது.

இசை கற்றுக்கொள்ளும் எல்லாரிடமும் நான் வற்புறுத்திச் சொல்வது ஒன்றுதான்: உங்கள் சொந்தப் பாட்டு ஒன்றை, பல்லவியில் தொடங்கிக் கடைசி மிக்ஸ் வரைக்கும், அந்த ட்ரையல் பதிப்பிலேயே முடித்து வெளியே எடுங்கள். ஒரு மென்பொருள் உங்களுக்கு எங்கே தோள் கொடுக்கிறது, எங்கே காலை வாருகிறது என்பது அந்த வேலையில்தான் தெரியும்.

எது திறந்திருக்கிறது, எது பூட்டியிருக்கிறது?

முதல் நாளே இதைத் தெரிந்துகொள்ளுங்கள். ரீப்பர் 60 நாள், எல்லா வசதிகளோடும் கிடைக்கிறது. ஏபிள்டன் லைவ் 30 நாள். எஃப்எல் ஸ்டூடியோவுக்குக் கெடுவே கிடையாது. ஆனால் சேமித்த ப்ராஜெக்டை, வாங்கும்வரை மறுபடி திறக்க முடியாது. இதை அறியாமல் ராத்திரி முழுக்க வேலை செய்து, சேமித்துவிட்டுத் தூங்கப் போனால் காலையில் ஏமாற்றம்தான். வழி இருக்கிறது. ஒலிக்கோப்பாக எடுப்பதற்கு அதில் தடையில்லை. மூடும் முன் ஒவ்வொரு ட்ராக்கையும் தனித்தனி வேவ் கோப்பாக எடுத்து வைத்தால், மறுநாள் அவற்றை உள்ளே போட்டு வேலையைத் தொடரலாம்.

இன்னொரு கண்ணி, பதிப்புகளில் இருக்கிறது. ட்ரையலில் தருவது பெரும்பாலும் இருப்பதிலேயே விலை கூடிய பதிப்பு. லைவ் ட்ரையலில் கிடைப்பது ‘சூட்’. பட்ஜெட் பார்த்து ‘இன்ட்ரோ’ வாங்கினால் 16 ட்ராக்கோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். எஃப்எல் ஸ்டூடியோவின் ஆரம்ப விலைப் பதிப்பான ‘ஃப்ரூட்டி’யில் குரலைப் பதிவு செய்ய முடியுமா என்று முதலில் பாருங்கள், முடியாவிட்டால் பாடுகிறவருக்கு அது உதவாது. எனவே, பாட்டைச் செய்யும்போதே பக்கத்தில் ஒரு தாள் வைத்துக்கொண்டு எந்த வாத்தியம், எந்த எஃபெக்ட், எத்தனை ட்ராக் என்று எழுதி வாருங்கள். வாங்கும் நேரத்தில் அந்தத் தாளையும் நிறுவனத்தின் பதிப்பு ஒப்பீட்டு அட்டவணையையும் எதிரெதிரே வைத்தால், எவ்வளவு செலவழிக்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

தோடியின் காந்தாரம்

இந்த மென்பொருள்கள் பியானோ கட்டைகளை மனதில் வைத்துப் பிறந்தவை. நம் இசை கட்டைகளுக்கு நடுவிலும் வாழ்கிறது. அதனால் நமக்கென்று ஒரு தனிச் சோதனை வேண்டும். தோடி காந்தாரத்தை அசைத்துப் பாருங்கள் என்பேன்.

ஷட்ஜத்தை ‘சி’ கட்டையில் வைத்தால், தோடியின் சாதாரண காந்தாரம் ‘இ ஃப்ளாட்’. அதை அப்படியே ஒரு கட்டையாக அழுத்தினால் தோடி வராது. ரிஷபத்தையும் மத்யமத்தையும் தொட்டு அசைந்தால்தான் ராகம் முகம் காட்டும். பியானோ ரோலில் அந்தச் சுரத்தை நீட்டிப் போட்டு, கீழே, சுரத்தை ஏற்றி இறக்கும் பிட்ச் பெண்ட் கோட்டை வரையுங்கள். பெரும்பாலான மிடி வாத்தியங்களில் பிட்ச் பெண்ட்டின் வழக்கமான எல்லை மேலே இரண்டு அரைச்சுரம், கீழே இரண்டு. காந்தாரத்திலிருந்து கீழே சுத்த ரிஷபம் சரியாக இரண்டு. மேலே சுத்த மத்யமமும் இரண்டு. அசைவு மட்டுமட்டாக அடங்கிவிடும். ஆனால் பஞ்சமத்திலிருந்து மேல் ஷட்ஜத்துக்கு ஒரு ஜாரு போட்டால் ஐந்து அரைச்சுரம் வேண்டும். எல்லையை 12-க்கு உயர்த்த அந்த வாத்தியம் இடம் கொடுக்கிறதா? கோட்டை வளைவாக வரைய முடிகிறதா, படிப்படியாகத்தான் வருகிறதா? ஒரு சுரத்தின் அசைவை நகலெடுத்து இன்னொரு சுரத்தின் மேல் ஒட்ட முடிகிறதா? இந்த மூன்றில் தடுமாறும் மென்பொருளில், ஒரு சரணத்தை வீணையில் வாசிக்க வைப்பதற்குள் பொறுமை போய்விடும்.

சாதாரண மிடியில் பிட்ச் பெண்ட் ஒரு சேனலில் ஒலிக்கும் எல்லாச் சுரங்களையும் சேர்த்து இழுக்கும். சுருதியும் மெட்டும் ஒரே சேனலில் இருந்தால், மெட்டு அசையும்போது சுருதியும் அசைந்துவிடும். இதைத் தீர்க்க 2018-ல் தரப்படுத்தப்பட்ட முறைதான் எம்பிஇ. ஒவ்வொரு சுரத்துக்கும் தனிச் சேனல் கொடுக்கும். மென்பொருளில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

தாளத்துக்கும் ஒரு சோதனை. 7/8 என்று வைத்துவிட்டு மெட்ரோனோமைக் கேளுங்கள். ஏழு தட்டும் ஒரே மாதிரி ஒலித்தால் மிஸ்ர சாபுவில் பாடுவது சிரமம். ‘தகிட தக திமி’ என்று மூன்று, இரண்டு, இரண்டாக அழுத்தம் மாற்ற வழி இருக்க வேண்டும்.

விரலுக்கும் காதுக்கும் நடுவே

கட்டையைத் தட்டிய பிறகு ஒலி காதுக்கு வர எடுக்கும் நேரமே லேட்டன்சி. விநாடிக்கு 44,100 சாம்பிள் என்ற கணக்கில், பஃபர் (கணினி ஒரு தடவைக்குச் சேர்த்து எடுக்கும் சாம்பிள்களின் எண்ணிக்கை) 256 என்றால் சுமார் 5.8 மில்லி விநாடி. 1024 என்றால் சுமார் 23. டிரைவரும் இன்டர்ஃபேஸும் சேர்க்கும் தாமதம் தனி. பஃபரைக் குறைத்தால் தாமதம் குறையும், கணினிக்குச் சுமை ஏறும். தாங்காவிட்டால் ஒலியில் படபடவென்று வெடிப்பு கேட்கும்.

இதைக் காலி ப்ராஜெக்டில் சோதித்துப் பயனில்லை. பாட்டு முக்கால்வாசி முடிந்து, வயலின்களும் தாளவாத்தியங்களும் எஃபெக்டுகளும் ஏறிய பிறகு, குறைந்த பஃபரில் மறுபடி ஒரு முறை குரல் பதிவு செய்யுங்கள். உங்கள் கணினியில், உங்கள் பாட்டில் தாங்குகிறதா என்பதே கேள்வி. நண்பரின் கணினியில் ஓடியது இதற்குப் பதிலாகாது.

வெளியே வரும் வழி

கடைசிச் சோதனையைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலாக வைப்பேன். மென்பொருள் நிறுவனங்கள் விற்கப்படும், மூடப்படும், மனம் மாறும். 2002-ல், லாஜிக் என்ற இசைக்கோர்ப்பு மென்பொருளைச் செய்துவந்த இமேஜிக் நிறுவனத்தை ஆப்பிள் வாங்கியதும், அதன் விண்டோஸ் பதிப்பு நின்றுபோனது. ஸ்வரக்குறிப்பு எழுதுவதற்கு 1988-லிருந்து இருந்த ஃபினாலேயின் வளர்ச்சியை நிறுத்துவதாக, மேக்மியூசிக் நிறுவனம் 2024 ஆகஸ்ட் 26 அன்று அறிவித்தது. வாழ்நாள் முழுக்க அதில் எழுதியவர்கள் இருந்தார்கள். மைக்கேல் குட் உருவாக்கி 2004-ல் முதல் பதிப்பு வெளியான மியூசிக்எக்ஸ்எம்எல் என்ற பொது வடிவம் அவர்களுக்குக் கைகொடுத்தது. பக்க அமைப்பு கலைந்தாலும், எழுதிய சுரங்களை அதன் வழியே டோரிகோ, மியூஸ்ஸ்கோர் போன்ற வேறு குறிப்பெழுதும் மென்பொருள்களுக்குக் கொண்டுபோக முடிந்தது.

ஆகவே, ட்ரையல் முடிவதற்குள் உங்கள் பாட்டை மூன்று விதமாக வெளியே எடுங்கள்: ஒவ்வொரு ட்ராக்கும் தனி வேவ் கோப்பாக, மெட்டுகள் மிடியாக, குறிப்பு எழுதியிருந்தால் மியூசிக்எக்ஸ்எம்எல்லாக. வேவில் ஒலி அப்படியே வரும், சுரத்தைத் திருத்துவது கடினம். மிடியில் சுரம் வரும், வாத்தியத்தின் ஒலி வராது. அதனால் இரண்டும் வேண்டும். எடுத்த வேவையும் மிடியையும் ரீப்பரிலும், மியூசிக்எக்ஸ்எம்எல்லை இலவசமான மியூஸ்ஸ்கோரிலும் திறந்து பாருங்கள். நீங்கள் வரைந்த காந்தாரத்தின் அசைவு மிடியில் வந்திருக்கிறதா என்று தவறாமல் கேளுங்கள். வராவிட்டால், எவ்வளவு கவர்ச்சியாக இருந்தாலும் அந்த மென்பொருள் வேண்டாம். மென்பொருள் போனாலும் பாட்டு உங்களுடையதாகவே இருக்க வேண்டும்.

கெடு தீரும் நாளில் பாட்டு முடிந்திருந்து, முழுதாக வெளியேயும் வந்திருந்தால், தயங்காமல் பணம் கொடுத்து வாங்குங்கள். கள்ளப் பதிப்பைத் தேட வேண்டாம். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு ரீப்பரின் உரிமம் 60 டாலர்தான். பாட்டு முடியவில்லை என்றால், எந்த இடத்தில் நின்றது என்று எழுதி வைத்துக்கொண்டு அதே பாட்டை அடுத்த மென்பொருளின் ட்ரையலுக்குக் கொண்டுபோங்கள். ஒரே பாட்டை வைத்துப் பார்க்கும்போதுதான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

அடுத்த வாரம்: மிருதங்கம், தவில், பறை – சாம்பிள் ஒலிகளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

(தொடரும்)