போட்டிக்காரர் பக்கத்திலேயே இருக்கட்டும்

சென்னை தியாகராய நகரில் பனகல் பூங்காவைச் சுற்றி ஒரு நடை போனால், பட்டுக்கடைக்குப் பக்கத்தில் பட்டுக்கடை, நகைக்கடைக்கு எதிரே நகைக்கடை. விற்கும் சரக்கு ஒன்று, வரும் கூட்டமும் ஒன்று. இவ்வளவு பெரிய நகரத்தில் வேறு இடமா கிடைக்கவில்லை? போட்டியே இல்லாத பேட்டையாகப் பார்த்துக் கடை போட்டால் நிம்மதியாக வியாபாரம் செய்யலாமே!

ஜவுளிக்காரர்கள் மட்டும் இப்படி இல்லை. எலெக்ட்ரானிக்ஸ் என்றால் ரிச்சி தெரு, வண்டி ஸ்பேர் பார்ட்ஸ் என்றால் புதுப்பேட்டை, மொத்தத் துணி என்றால் கோடவுன் தெரு, காகிதம் என்றால் ஆண்டர்சன் தெரு. பழக்கமும் புதிதல்ல. சிலப்பதிகாரத்தின் ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போது மணிகள் விற்கும் தெரு, பொன் விற்கும் தெரு, துணி விற்கும் தெரு, தானியம் விற்கும் தெரு என்று தனித்தனியாகத்தான் வருகின்றன. யாரும் உத்தரவு போடாமலே ஊருக்கு ஊர், காலத்துக்குக் காலம் இது நடக்கிறது என்றால் அதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருக்க வேண்டும்.

அந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்த்தவர்களில் ஒருவர் அமெரிக்கப் புள்ளியியலாளர் ஹரால்ட் ஹோட்டெல்லிங். 1929இல் அவர் எழுதிய கட்டுரையின் சாரத்தை மெரினாவுக்குக் கொண்டுவந்து சொல்லலாம். நீண்ட மணல்வெளி, நெடுகச் சீராக மக்கள், ஒரே விலைக்கு ஒரே சுண்டல் விற்கும் இரண்டு வண்டிகள். இந்தக் கோடியிலிருந்து கால் பங்கு தூரத்தில் ஒரு வண்டி, அந்தக் கோடியிலிருந்து கால் பங்கு தூரத்தில் இன்னொன்று என்று நின்றால் எல்லோருக்கும் வசதி. யாருமே கடற்கரையின் கால் பங்குக்கு மேல் நடக்க வேண்டாம். ஆனால் முதல் வண்டிக்காரர் கொஞ்சம் நடுவை நோக்கித் தள்ளிப் போனால், தன் பக்கத்து ஆட்களையும் இழக்காமல் எதிராளியின் ஆட்களில் சிலரையும் பிடித்துவிடலாம். எதிராளி சும்மா இருப்பாரா? அவரும் நகர்வார். கடைசியில் இரண்டு வண்டியும் நட்டநடுவில் உரசிக்கொண்டு நிற்கும். கோடியில் இருப்பவர் பாதிக் கடற்கரையை நடக்க வேண்டியதுதான்.

அழகான விளக்கம்தான். ஆனால் அதில் ஓர் ஓட்டை இருந்ததை ஐம்பது ஆண்டு கழித்து, 1979இல், மூன்று பொருளியலாளர்கள் காட்டினார்கள். விலையை மாற்றிக்கொள்ளும் உரிமை இருந்தால் பக்கத்தில் பக்கத்தில் நிற்பது தற்கொலைக்குச் சமம். இவர் ஒரு ரூபாய் குறைப்பார், அவர் இரண்டு ரூபாய் குறைப்பார், கடைசியில் அசல் விலைக்கு வந்து நிற்கும். அவர்களின் கணக்குப்படி புத்திசாலி வியாபாரி எதிராளியை விட்டு எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு தூரம் விலகிப் போக வேண்டும். அப்படியானால் தி.நகர் எப்படிச் சாத்தியம்?

இரண்டு கணக்கிலும் விட்டுப்போன ஒன்று உண்டு: சுண்டல் வாங்க வருபவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று தெரியும், கல்யாணப் புடவை எடுக்க வருபவருக்குத் தெரியாது. அரக்கா, மாம்பழ மஞ்சளா? பெரிய கரையா, சின்னதா? பெண்ணுக்குப் பிடித்தது அத்தைக்குப் பிடிக்காது. அத்தைக்குப் பிடித்தது பட்ஜெட்டுக்குப் பிடிக்காது. விற்பனையாளர் ஒவ்வொன்றாகப் பிரித்து விரிக்க விரிக்கத்தான் எது வேண்டாம் என்பதே தெளிவாகும்.

ஒரு கடையில் மனதுக்குப் பிடித்த புடவை கிடைக்கும் வாய்ப்பு பத்துக்கு மூன்று என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். தனியாக இருக்கும் கடைக்குப் போனால் வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு 70 சதவீதம். அடுத்தடுத்து ஐந்து கடை இருக்கும் தெருவுக்குப் போனால், ஐந்திலும் பிடிக்காமல் போகும் வாய்ப்பு 17 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. வேலை முடியும் என்ற நம்பிக்கை 83 சதவீதம். குடும்பத்தோடு ரயிலேறி வர இந்த நம்பிக்கை போதும். தனிக்கடைக்கு வராத கூட்டம் ஐந்து கடைக்கு வருகிறது. லாபத்தில் கொஞ்சம் குறைத்துக்கொண்டாலும் ஒவ்வொரு கடைக்கும் விற்பனை கூடுகிறது. கடை இடத்தேர்வு பற்றி ஆராய்ந்த ரிச்சர்ட் நெல்சன் 1958இலேயே, ஒரே சரக்கு விற்கும் கடைகள் சிதறிக் கிடப்பதைவிடச் சேர்ந்திருந்தால் அதிகம் விற்கும் என்று எழுதினார். பொருளியலாளர் ஆஷர் வொலின்ஸ்கி 1983இல் அதைக் கணித மாதிரியாகவே நிறுவினார்: வாங்குபவருக்குத் தகவல் போதாத இடத்தில் கடைகள் தாமாகவே கூடும்.

எது கூடும், எது கூடாது என்பதும் இதிலிருந்து விளங்கிவிடுகிறது. பால் பாக்கெட்டில் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. ஆகவே பால் பூத்துகள் தெருவுக்குத் தெரு சிதறியிருக்கின்றன. பட்டு, தங்கம், பழைய வண்டியின் கிடைக்காத கியர் பெட்டி இவையெல்லாம் தேடி எடுக்கும் சரக்கு, ஆகவே கூடியிருக்கின்றன. புதுப்பேட்டையில் நாம் கேட்ட சாமான் கடையில் இல்லாவிட்டால் ஒரு பையன் பக்கத்துக் கடைக்கு ஓடி வாங்கி வந்துவிடுவான். அந்த நிமிடத்தில் போட்டிக்காரரின் அலமாரி இவருடைய கிடங்காகிவிடுகிறது.

சரி, கூடுவது புரிகிறது. ஏன் குறிப்பாகத் தி.நகரில்? இங்கே வரலாறு உள்ளே வருகிறது. 'லாங் டேங்க்' என்ற பெரிய ஏரி கிடந்த நிலத்தை 1920களில் தூர்த்து உருவாக்கிய குடியிருப்புப் பகுதி இது. காஞ்சிபுரம் பட்டு விற்கும் நல்லி 1928இல் தொடங்கியது. 1931இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. வழியில் மாம்பலம் நிலையம். அங்கே இறங்கி வெளியே வந்தால் ரங்கநாதன் தெரு. வசதியான குடும்பங்கள், நல்ல கடை, கைக்கெட்டும் ரயில் மூன்றும் சேர்ந்த இடத்தில் அடுத்த கடை வந்தது. அது வந்ததாலேயே அதற்கடுத்த கடைக்கும் காரணம் கிடைத்தது.

அதன்பின் தூரமே சுருங்கிவிடுகிறது. சில்லறை வணிகத்தை ஆராய்ந்த வில்லியம் ரெய்லி 1931இல், ஊர்கள் வாடிக்கையாளர்களை இழுக்கும் விதம் நியூட்டனின் ஈர்ப்பு விதியைப் போலவே இருப்பதாகச் சொன்னார்: ஊர் பெரிதாக ஆக இழுவிசை கூடும், தூரம் கூடக் கூட அதன் வர்க்கத்துக்கு ஏற்பக் குறையும். கடைவீதிக்கு இதைப் பொருத்திப் பார்த்தால், மூன்று மடங்கு தொலைவில் இருக்கும் கடைவீதி ஒன்பது மடங்கு பெரிதாக இருந்தால் பக்கத்துக் கடைவீதிக்கு ஈடுகொடுக்கும். அதற்கும் பெரிதானால், செங்கல்பட்டுக்காரர் உள்ளூர் கடையைத் தாண்டி வந்து மாம்பலத்தில் இறங்குவார்.

இறங்கியவர் ரங்கநாதன் தெருவில் நுழைந்ததும் இன்னொரு விந்தை நடக்கிறது. பண்டிகை நாளில் மேலிருந்து பார்த்தால் தலைகளின் வெள்ளம். ஆனாலும் அது நகர்கிறது. உற்றுக் கவனித்தால், நிலையத்திலிருந்து வருபவர்களும் நிலையத்துக்குப் போகிறவர்களும் தனித்தனி இழைகளாகப் பிரிந்திருப்பது தெரியும். கோடு போட்டவர் யாருமில்லை. 1995இல் டிர்க் ஹெல்பிங், பீட்டர் மோல்னார் என்ற இரு ஆய்வாளர்கள் கணினியில் இதைச் செய்து காட்டினார்கள். எதிரே வருபவரோடு மோதாமல் இருக்க ஒவ்வொருவரும் சற்று ஒதுங்குகிறார். ஒதுங்கி ஒதுங்கி, தன் திசையில் போகும் ஒருவரின் முதுகுக்குப் பின்னால் வந்து சேர்ந்ததும் ஒதுங்க வேண்டிய தேவை தீர்ந்துவிடுகிறது. இந்த ஒரே விதியிலிருந்து வரிசைகள் பிறக்கின்றன.

இதிலும் நம்மூர்க்காரர்களுக்கென்று ஒரு தனித்திறமை இருக்கிறது. 2009இல் வெளியான ஓர் ஆய்வில் உஜ்ஜல் சட்டராஜ், ஆர்மின் சைஃப்ரீட், பார்த்தா சக்ரவர்த்தி ஆகியோர் இந்தியர்களையும் ஜெர்மானியர்களையும் ஒரே அளவு பாதையில் ஒற்றை வரிசையில் நடக்கவிட்டு அளந்தார்கள். நெரிசல் கூடியபோது ஜெர்மானியர்களின் வேகம் சட்டென்று விழுந்தது. இந்தியர்களின் வேகம் அந்த அளவுக்கு விழவில்லை. தம்மைச் சுற்றி இவர்கள் கேட்கும் இடம் குறைவு. அதற்காக நெரிசலை எல்லையில்லாமல் கூட்ட முடியாது. தடையின்றி நடப்பவர் நொடிக்குச் சுமார் 1.3 மீட்டர் போவார். ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் சேர்ந்தால் நடை ஏறக்குறைய நின்றே போகும்.

கால் வலித்தால் வயிறு ஞாபகத்துக்கு வரும். சவுகார்பேட்டை மின்ட் தெருவில் கச்சோரி, ஜிலேபி, முறுக்கு சாண்ட்விச் விற்கும் கடைகளும் கூடித்தான் இருக்கின்றன. ஆனால் சாப்பாட்டில் கூட்டமே ஒரு தகவல். பொருளியலாளர் அபிஜித் பானர்ஜி 1992இல் எழுதிய கட்டுரையில் ஓர் உதாரணம் வருகிறது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு உணவகங்கள். நூறு பேரில் 99 பேருக்கு இரண்டாவது கடைதான் நல்லது என்று துப்பு கிடைத்திருக்கிறது; ஒருவருக்கு மட்டும் முதல் கடை என்று. அந்த ஒருவர் முதலில் வந்து முதல் கடைக்குள் போகிறார். பின்னால் வருபவர், 'அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது' என்று தன் துப்பை ஒதுக்கிவிட்டு அங்கேயே போகிறார். மூன்றாமவர், நான்காமவர் என்று நூறு பேரும் சுமாரான கடையில் வரிசை கட்டுகிறார்கள். நல்ல கடை ஈ ஓட்டுகிறது. ஒவ்வொருவரும் யோசித்தே முடிவெடுத்தார்கள், ஆனாலும் கூட்டம் ஏமாந்தது.

ஆக, ஒரு கடைவீதியின் பெரிய சொத்து எந்தக் கடையின் அலமாரியிலும் இல்லை. பக்கத்துக் கடையை நம்பி வந்த கூட்டம்தான் அந்தச் சொத்து. இதை முழுசாகப் புரிந்துகொண்டவர்கள் மால் கட்டியவர்கள். பஷிகியன், கூல்ட் என்ற இரண்டு பொருளியலாளர்கள் 1998இல் அமெரிக்க மால்களின் வாடகையை ஆராய்ந்தபோது, கூட்டத்தை இழுத்துவரும் பெரிய கடைகளுக்குச் சதுர அடி வாடகையில் பெரும் சலுகை தரப்படுவதும், அந்தக் கூட்டத்தால் பிழைக்கும் சிறிய கடைகளிடம் கூடுதலாக வாங்கப்படுவதும் தெரிந்தது. மால் மொத்தமும் ஒருவர் கையில் இருப்பதால் இது நடக்கிறது; நடைபாதை வழுவழுப்பாக இருப்பதும், உட்கார இடம் இருப்பதும் அதே காரணத்தால்தான்.

தெருவுக்கு அப்படி ஒரு சொந்தக்காரர் கிடையாது. கூட்டத்தால் வரும் லாபம் கடைக்கும் கட்டடத்துக்கும் போகிறது. கூட்டம் நடக்கும் தரை யார் கணக்கிலும் வராது. 2019இல் தி.நகர் பாண்டி பஜாரில் நடைபாதையை அகலப்படுத்தி நடைவளாகம் அமைத்தார்கள். 2023இல் மாம்பலம் நிலையத்தையும் தி.நகர் பேருந்து நிலையத்தையும் இணைத்து சுமார் 570 மீட்டர் நீளத்துக்கு ஆகாய நடைபாதை திறந்தார்கள். இதை வெறும் அழகுபடுத்தும் செலவாகப் பார்ப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரே மாலையில் ஐந்து கடை ஏறி இறங்க முடிந்தால்தான் அந்த 83 சதவீதம். வழி அடைத்து இரண்டு கடையோடு களைத்துத் திரும்பினால் நம்பிக்கை 51 சதவீதமாகச் சரியும். அடுத்த முறை ரயிலேறும் ஆசையும் சரியும். அதனால் நடைபாதைக்காகக் கடை வாசலில் நான்கு கார் நிற்கும் இடத்தை விட்டுக்கொடுக்கச் சொன்னால், வியாபாரிகள் அதை இழப்புக் கணக்கில் எழுத வேண்டியதில்லை.