சிறு மீன்பிடி படகில் மின்கலச் சிக்கனம்

1902ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், காவிரியின் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியில் உற்பத்தியான மின்சாரம் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவைக் கடந்து கோலார் தங்கவயலை வந்தடைந்தது. மைசூர் திவானாக இருந்த சேஷாத்ரி ஐயர் காலத்தில் வகுக்கப்பட்ட இத்திட்டத்தின் முதல் நோக்கம் சுரங்க இயந்திரங்களை இயக்குவதாகும். 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் சுரங்கங்கள் மூடப்பட்டன. எனினும், மின்சாரத்தை வீணாக்காமல் கொண்டு செல்வது எவ்வாறு என்று அந்த நெடிய மின்தடம் கற்பித்த பாடம், இன்று ஏரியில் சிறு படகு செலுத்தும் மீனவருக்கும் பொருந்துவதாகும்.

பாலாற்றின் குறுக்கே அமைந்த பேத்தமங்கலம் நீர்த்தேக்கம் தங்கவயல் மக்களுக்குக் குடிநீர் அளித்து வந்துள்ளது. இத்தகைய நீர்நிலைகளில் பெட்ரோல் மோட்டாரிலிருந்து சிந்தும் எண்ணெய், மீனுக்கும் மனிதருக்கும் கேடு விளைவிக்கும். புகையும் இரைச்சலும் இல்லாத மின்மோட்டார் இங்கு ஏற்றது. ஆனால், பெட்ரோல் தீர்ந்தால் கையிருப்புக் கேனிலிருந்து ஊற்றிக்கொள்ளலாம். நடு ஏரியில் மின்கலம் ஓய்ந்துவிட்டால் துடுப்புதான் துணை. ஆகவே, மின்கலத்தைக் கணக்கறிந்து கையாளுவது மீனவர் பத்திரமாகக் கரை திரும்புவது பற்றிய பிரச்சினையாகும்.

இருப்பு எவ்வளவு?

மின்கலத்தின் மேல் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று குறிக்கப்பட்டிருப்பதாகக் கொள்வோம். இவ்விரண்டையும் பெருக்கினால் 1,200 வாட்-மணி கிடைக்கிறது. இது முழுவதும் பயன்பாட்டிற்குரியதன்று. காரீய-அமில மின்கலத்தைப் பாதி அளவுக்கு மேல் வடியவிட்டால் அதன் ஆயுள் விரைவில் குறையும். மேலும், 100 ஆம்பியர்-மணி என்ற அளவு பொதுவாக 5 ஆம்பியர் வீதம் 20 மணி நேரம் மெதுவாக எடுக்கும்போது கிடைப்பதாகும். 50 ஆம்பியர் வீதம் எடுத்தால் இரண்டு மணி நேரம் ஓடும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவார். ஏறக்குறைய ஒரு மணி நேரத்திலேயே அது ஓய்ந்துவிடக் கூடும்.

லிதியம் இரும்பு பாஸ்பேட் மின்கலத்தில் ஐந்தில் நான்கு பங்கைத் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். எடையும் பாதிக்குக் குறைவு. விலை அதிகமாயினும், காரீய மின்கலத்தைவிடப் பன்மடங்கு முறை மின்னேற்றம் செய்ய இயலுமாதலால், நாள்தோறும் தொழில் செய்வோருக்கு நீண்டகாலத்தில் இது சிக்கனமாக அமையலாம்.

வேகத்தின் விலை

படகின் வேகத்தை இரட்டிப்பாக்க இரு மடங்குத் திறன் போதும் என்பது தவறான எண்ணம். நீரின் எதிர்ப்பு காரணமாக ஏறத்தாழ எட்டு மடங்குத் திறன் தேவைப்படும். ஓர் எடுத்துக்காட்டு: முழு வேகத்தில் 600 வாட் ஈர்க்கும் மோட்டார் ஒரு படகை மணிக்கு 6 கிலோமீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. லிதியம் மின்கலத்தில் பயன்படுத்தத்தக்க இருப்பு 1,000 வாட்-மணி எனக் கொண்டால், ஒரு மணி 40 நிமிடத்தில் 10 கிலோமீட்டர் கடக்கலாம். அதே மோட்டாரை 150 வாட் அளவில் இயக்கினால் வேகம் 4 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறையும். ஆனால் ஆறரை மணி நேரத்திற்கு மேல் ஓடி, ஏறத்தாழ 25 கிலோமீட்டர் செல்லலாம். காற்று, சுமை, படகின் வடிவம் ஆகியவற்றால் இவ்வளவுகள் மாறுபடும். எனினும் நிதானமே பெரும் சேமிப்பு என்பதில் ஐயமில்லை.

கொச்சியிலுள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் உள்நாட்டு நீர்நிலைகளுக்கென வடிவமைத்த சூரிய சக்திப் படகின் வேகமும் அமைதியான நீரில் மணிக்கு 4 நாட், அதாவது சுமார் 7 கிலோமீட்டர் என்ற அளவிற்கு உட்பட்டதே.

மூன்று பங்கு விதி

பயன்படுத்தத்தக்க இருப்பை மூன்றாகப் பிரிக்க வேண்டும். ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு திரும்புவதற்கு, ஒரு பங்கு எதிர்பாராத தேவைக்கு. போகும்போது முதுகில் வீசிய காற்று திரும்புகையில் எதிர்க்காற்றாகும். நனைந்த வலையும் பிடித்த மீனும் படகின் சுமையைக் கூட்டும். முதல் பங்கு தீர்ந்தவுடன், மீன் அகப்பட்டாலும் அகப்படாவிட்டாலும், படகைக் கரை நோக்கித் திருப்புவதே விவேகம்.

இருப்பை அறிவது எவ்வாறு? காரீய மின்கலம் சில மணி நேரம் ஓய்ந்திருக்கையில் 12.7 வோல்ட் காட்டினால் நிறைவு, 12.2 வோல்ட் அளவில் பாதி. லிதியம் மின்கலத்தின் அழுத்தமோ கடைசிவரை ஏறக்குறைய ஒரே அளவில் நின்று, பின் திடீரெனச் சரியும். ஆகவே அதற்கு வோல்ட்மானியை மட்டும் நம்பாமல், வெளியேறிய ஆம்பியர்-மணியைக் கணக்கிட்டுக் காட்டும் கருவியைப் பொருத்துதல் நன்று.

சிவசமுத்திரத்தின் பாடம்

அன்று மின்சாரத்தைப் பல்லாயிரம் வோல்ட்டிற்கு உயர்த்தித் தங்கவயலுக்கு அனுப்பியதன் காரணம் எளிது: அழுத்தம் உயர்ந்தால் அதே திறனுக்குத் தேவையான மின்னோட்டம் குறையும். படகிலும் 600 வாட்டிற்கு 12 வோல்ட்டில் 50 ஆம்பியர் தேவை. 24 வோல்ட்டில் 25 ஆம்பியர் போதும். அதே கம்பியில் வெப்பமாக வீணாவது கால் பங்காகக் குறையும். 24 வோல்ட்டிற்கென அமைந்த மோட்டாருக்கு, ஒரே வகையும் வயதும் கொண்ட இரு 12 வோல்ட் மின்கலங்களைத் தொடராக இணைக்கலாம். லிதியம் மின்கலமாயின், அவ்வாறு இணைக்கத் தயாரிப்பாளர் அனுமதித்துள்ளாரா என்பதை முதலில் அறிய வேண்டும். கம்பி தடித்ததாகவும் குட்டையாகவும் இருப்பது நலம். நேர்முனைக்கு அருகிலேயே உருகி பொருத்த வேண்டும்.

பராமரிப்பு

கரை சேர்ந்த அன்றே காரீய மின்கலத்திற்கு முழு மின்னேற்றம் செய்ய வேண்டும். குறைந்த இருப்போடு கிடந்தால் தகடுகளில் கந்தகப் படிவு இறுகிவிடும். மின்னேற்றும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படுமாதலால் காற்றோட்டமுள்ள இடம் தேவை. பீடி, தீக்குச்சி அருகில் கூடாது. லிதியம் மின்கலத்திற்கு அதற்குரிய மின்னேற்றியையே பயன்படுத்த வேண்டும். படகின் மேல் பொருத்திய 100 வாட் சூரியத் தகடு, நல்ல வெயில் நாளில் சுமார் 400 வாட்-மணி திரும்ப அளிக்கும்; அதை முழு வருமானமாக அன்றி உபரி வருமானமாகக் கொள்வதே முறை.

மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் கரையில் பொது மின்னேற்ற நிலையம் அமைத்து, மாற்று மின்கலங்களை வைத்துப் பராமரித்தால் தனி மீனவரின் முதலீட்டுச் சுமை குறையும். எவ்வளவு வசதி பெருகினும், துடுப்பும் உயிர்காப்பு மிதவையும் இன்றிப் படகு கரையை விட்டுப் புறப்படலாகாது.