மாதவிடாய் நிற்கும் முன்பே மாறும் கணக்கு

உங்களுக்குத் தெரியுமா?

மாதவிடாய் தவறாமல் வந்துகொண்டிருக்கும்போதே, பெரும்பாலும் முப்பதுகளின் பிற்பகுதியில், பெண்ணின் ஹார்மோன் கணக்கு மாறத் தொடங்கிவிடுகிறது. பிறக்கும்போது சினைப்பைகளில் 10 முதல் 20 லட்சம் கருமுட்டைகள் இருக்கும். பூப்படையும்போது மிஞ்சுவது 3, 4 லட்சம்தான். அவை குறையக் குறைய, அவற்றைச் சூழ்ந்த செல்கள் சுரக்கும் இன்ஹிபின் பி ஹார்மோனும் குறைகிறது. பிட்யூட்டரி சுரப்பிக்குக் கடிவாளம் போடுவது அதுதான். கடிவாளம் தளர்ந்ததும், முட்டையை வளர்க்கும் எஃப்.எஸ்.எச். ஹார்மோன் ஏறுகிறது, முட்டை சீக்கிரமே முதிர்கிறது. காலண்டரில் 28 நாளுக்கு ஒருமுறை போட்ட வட்டம் 26, 25 என்று நெருங்கி வருவது இதனால்தான்.

பலர் நினைப்பதுபோல் ஈஸ்ட்ரோஜன் அப்போதே படிப்படியாகச் சரிவதில்லை. நாற்பதுகளில் ஒரு மாதம் முன்பைவிட எகிறும், மறுமாதம் இறங்கும். அதனால் ஒரே ஒரு ரத்தப் பரிசோதனையை வைத்து எதையும் முடிவு கட்ட முடியாது. மார்பு கனப்பதும் உதிரப்போக்கு கூடுவதும் இந்த ஏற்ற இறக்கத்தோடு வரலாம். ‘வயசானா அப்படித்தான்’ என்று வீட்டுப் பெண்ணைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லாதீர்கள். மணிக்கொரு நாப்கின் நனைந்தால் உடனே டாக்டரிடம் அழைத்துப் போங்கள். இன்னொன்று, சுழற்சி தாறுமாறான பிறகும் கருத்தரிக்க வாய்ப்பு உண்டு.