ஆயிரம் ரூபாய்ச் சீமான்கள்!

ஆயிரம் ரூபாய்! எழுத்தால் எழுதினால் எத்துணை கம்பீரம்! எண்ணால் எழுதினாலோ, ஒன்றுக்குப் பின்னே மூன்று சுழிகள். அந்த மூன்று சுழிகளைக் காட்டித்தான், முப்பது ஆண்டு ஆலையிலே உழைத்து, உடல் தேய்ந்து, பார்வை மங்கி, மூட்டுவலியோடு மூலையிலே முடங்கிக் கிடக்கும் முதிய தொழிலாளியைப் பார்த்து, "உன் முதுமைக்கு நாங்கள் பாதுகாப்பு அளித்துவிட்டோம், போ!" என்கிறது டில்லி சர்க்கார்.

2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் முதல் ஆகஸ்டு மாதக் கடைசி வரை, சென்னையிலே சமையல் எரிவாயு சிலிண்டர் ஒன்றின் விலை 1,118 ரூபாய் 50 காசு. ஆயிரம் ரூபாய்ச் சீமான், தன் மாத ஓய்வூதியம் முழுவதையும் அள்ளிக்கொண்டுபோய்க் கொட்டினாலும் ஒரு சிலிண்டர் வாராது! மேற்கொண்டு 118 ரூபாய் 50 காசு கைமாற்று வாங்கியாக வேண்டும். அடுப்பு எரிவதற்கு மட்டும் இவ்வளவு. அடுப்பின்மேல் ஏற்றுவதற்கு அரிசி? குழம்புக்குப் புளி? இரத்தக் கொதிப்புக்கு மாத்திரை? குடியிருக்கும் வீட்டுக்கு வாடகை? பிறகு தேர்தல் வாடை வீசத் தொடங்கிற்று. விலையை இரண்டு தவணையாகக் குறைத்தார்கள். 2024 மார்ச்சில் 818 ரூபாய் 50 காசு ஆயிற்று. அப்போதும் சீமானுடைய கையிலே மிச்சம் 181 ரூபாய் 50 காசு. நாளொன்றுக்கு ஆறு ரூபாய்! தேநீர்க் கடையிலே ஒரு கிளாஸ் தேநீருக்கும் காணாது.

யார் இந்தச் சீமான்கள்? கோவையிலே பஞ்சாலைகளில் நூற்றவர்கள். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் தோல் பதனிட்டவர்கள். நெல்லைச் சீமையிலே குனிந்த தலை நிமிராமல் பீடி சுற்றிய தாய்மார்கள். சென்னையின் பட்டறைகளிலே இரும்போடு இரும்பாய் வெந்தவர்கள். நாடு முழுவதும் கணக்கெடுத்தால், 75 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இத்திட்டத்தின்கீழ் ஓய்வூதியம் பெறுகின்றனர். சங்கக் கொடி பிடித்தவர்கள், வாயிற்கூட்டம் நடத்தியவர்கள், கதவடைப்பைக் கண்டவர்கள், குடும்பம் பட்டினி கிடக்கையிலும் கோரிக்கையைக் கைவிடாதவர்கள் — இவர்கள்தாம் இப்போது நரைத்த தலையோடு மீண்டும் தெருவுக்கு வந்திருக்கிறார்கள்.

அவர்கள் கேட்பது பிச்சையா? இல்லை, இல்லை! திட்டத்தின் கதையைக் கொஞ்சம் பார்ப்போம்.

1995 நவம்பர் 16ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது, தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். முதலாளி, தொழிலாளியின் வருங்கால வைப்பு நிதிக்காகச் செலுத்தும் 12 விழுக்காட்டில், 8.33 விழுக்காட்டைப் பிரித்து ஓய்வூதிய நிதிக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பணம், தொழிலாளி ஓய்வு பெறும் நாளில் மொத்தமாக அவன் கைக்கு வந்திருக்க வேண்டிய பணம். அவனுடைய பணம்! அதை எடுத்துத்தான் அவனுக்கு மாதாமாதம் சில்லறையாகத் தருகிறார்கள். மத்திய சர்க்கார் தன் பங்காகப் போடுவது எவ்வளவு தெரியுமா? 1.16 விழுக்காடு. 1971இல் குடும்ப ஓய்வூதியத் திட்டம் வந்தபோதும் சர்க்காரின் பங்கு அதே 1.16தான். உலகம் மாறிற்று, ஊர் மாறிற்று, நாணயத்தின் மதிப்பு தேய்ந்து கரைந்தது, பிரதமர்கள் வந்தார்கள், போனார்கள், அந்த 1.16 மட்டும் அசையாது, ஆடாது, நடுகல் போல் நிற்கிறது!

கணக்கு எப்படி? ஓய்வூதியத்துக்குரிய ஊதியத்தைப் பணியாண்டுகளால் பெருக்கு, 70ஆல் வகு. அவ்வளவுதான் சூத்திரம். ஆனால் ஊதியம் என்பது தொழிலாளி வாங்கிய ஊதியமன்று. சட்டம் வைத்த உச்சவரம்பு. 2001 முதல் 2014 வரை அந்த வரம்பு 6,500 ரூபாய். 2010இல் ஓய்வுபெற்ற ஓர் ஆலைத் தொழிலாளியை எடுத்துக்கொள்ளுங்கள். அவன் பத்தாயிரம் வாங்கினாலும் சரி, பதினையாயிரம் வாங்கினாலும் சரி, கணக்கிலே 6,500தான். 1995க்குப் பிறகு 15 ஆண்டுப் பணி. பெருக்கி வகுத்தால் 1,393 ரூபாய். 1995க்கு முன்பு அவன் உழைத்த காலத்துக்கு ஏதோ சொற்பம் சேரும். அந்தத் தொகை, 2010இல் என்னவோ அதுவேதான் 2015இலும், அதுவேதான் 2020இலும். மனிதன் மூப்படைகிறான், மருந்துச் சீட்டு நீளுகிறது, தொகை மட்டும் வளர மறுக்கிறது. வரம்பை 2014இல் 15,000 ஆக்கினார்கள். அதற்குமுன் ஓய்வுபெற்றவனுக்கு அதனால் ஒரு காசு பயனில்லை. உச்சநீதிமன்றம் 2022 நவம்பர் 4இல் கூடுதல் ஓய்வூதியத்துக்கு வழிதிறந்தபோதுகூட, 2014 செப்டம்பருக்கு முன்பே விருப்பம் தெரிவிக்காமல் ஓய்வுபெற்றவர்களுக்குக் கதவு திறக்கவில்லை.

குறைந்தபட்சம் ஆயிரம் என்றார்களே, அதுவும் 2014 செப்டம்பரில்தான் வந்தது. அதையும் முதலில் ஓராண்டு வரவுசெலவுக்கு மட்டும் என்று அறிவித்து, பிறகே நிரந்தரமாக்கினார்கள்! குறைந்தபட்சம் என்ற சொல்லை நம்பிவிடாதீர். ஓய்வூதியத்தில் ஒரு பகுதியை முன்கூட்டியே மொத்தமாகப் பெற்றவர்கள், 58 வயதுக்கு முன்பே வறுமையின் காரணமாக ஓய்வூதியம் கோரியவர்கள் ஆகியோருக்கு ஆயிரத்துக்கும் குறைவாகவே கிடைக்கிறது. சி.ஐ.டி.யு. இத்திட்டத்தை 1995இலேயே எதிர்த்தது. விலைவாசியோடு பிணைக்கப்படாத ஓய்வூதியம் நாளுக்கு நாள் சுருங்கும் என்பதைக் கண்டறிய ஜோதிடம் தெரிய வேண்டியதில்லை. ஒரு முறை கடைத்தெருவுக்குப் போய்வந்தால் போதும்.

இங்கேதான் ஒரு விந்தை இருக்கிறது. மாதந்தோறும் விலைவாசிக் குறியீட்டெண் ஒன்றை மத்திய தொழிலாளர் துறை வெளியிடுகிறது. அதன் பெயர் என்ன? தொழிற்சாலைத் தொழிலாளர் நுகர்வோர் விலைக் குறியீட்டெண்! சென்னை, கோவை, மதுரை போன்ற தொழில் நகரங்களின் கடைகளிலே ஆள் விட்டு, அரிசி என்ன விலை, எண்ணெய் என்ன விலை, வாடகை என்ன என்று கேட்டு, தொழிலாளி குடும்பத்தின் செலவைக் கூட்டிக் கழித்துக் கண்டுபிடிக்கிறார்கள். அந்த எண்ணை வைத்து ஆண்டுக்கு இரண்டு முறை மத்திய சர்க்கார் ஊழியருக்கும் அவர்களிலே ஓய்வுபெற்றோருக்கும் அகவிலைப்படியை உயர்த்துகிறார்கள். எவன் வீட்டுச் சட்டியைப் பார்த்து விலை ஏறிற்று என்று முடிவு செய்தார்களோ, அந்தத் தொழிலாளி ஓய்வுபெற்றபின் வந்து நின்றால், "உனக்கு அகவிலைப்படி இல்லை" என்கிறார்கள். நோய் இவனுக்கு, மருந்து வேறொருவருக்கு!

சர்க்கார் ஊழியருக்குக் கொடுப்பது தவறு என்று நாம் சொல்லவில்லை. கொடுக்கட்டும், இன்னும் கொடுக்கட்டும். 2025 ஏப்ரல் முதல் மத்திய சர்க்கார் ஊழியருக்கு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டம் ஒன்று வந்தது. 10 ஆண்டு பணி முடித்தாலே குறைந்தது 10,000 ரூபாய், விலைவாசிக்கேற்ற உயர்வும் உண்டு. பத்தாண்டுப் பணி என்பதே தொழிலாளர் திட்டத்திலும் தகுதி. அங்கே பத்தாயிரம்; இங்கே ஆயிரம். ஒரு சுழிதான் வித்தியாசம்! வாழ்வுக்கும் சாவுக்கும் இடையே அந்த ஒரு சுழி.

இன்னும் மேலே போவோம். 2025 மார்ச்சில் நாடாளுமன்ற உறுப்பினர்களின் ஊதியத்தை 1,24,000 ரூபாயாக உயர்த்தினார்கள். முன்னாள் உறுப்பினர்களின் ஓய்வூதியத்தை 25,000இலிருந்து 31,000 ஆக்கினார்கள். எதை வைத்து? பணவீக்கக் குறியீட்டை வைத்து! ஆகவே, விலைவாசி ஏறினால் ஓய்வூதியம் ஏறவேண்டும் என்னும் தத்துவம் டில்லிக்குத் தெரியாததல்ல. நன்றாகத் தெரிகிறது. தன் வீட்டுக் கணக்கெழுதும்போது மட்டும் தெரிகிறது.

தொழிலாளியும் சர்க்காரும் நேருக்கு நேர் நின்று பேசினால் எப்படி இருக்கும்? கற்பனையாகவே கேட்டுப் பார்ப்போம்.

"ஐயா, ஆயிரம் போதவில்லை."

"நிதியிலே பற்றாக்குறை இருக்கிறதப்பா. கணக்கு வல்லுநர்கள் சொல்லிவிட்டார்கள்."

"பற்றாக்குறை என்றால் உங்கள் 1.16ஐ உயர்த்தலாமே?"

"அதற்குச் சட்டத்திலே இடமில்லை."

"சட்டம் செய்வது யார், ஐயா?"

இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். பற்றாக்குறை என்பது என் கற்பனையன்று. 2019 மார்ச் மாதக் கணக்குப்படி நிதியிலே பற்றாக்குறை என்று நாடாளுமன்றத்திலேயே விடை கூறியிருக்கிறார்கள். இருக்கட்டும். பற்றாக்குறையை நிரப்ப வேண்டியவன், 6,500 வரம்பிலே மாதம் 541 ரூபாய் தன் பேரில் கட்டப்பெற்ற தொழிலாளியா?

சரி, தொழிற்சங்கக்காரர்கள் அப்படித்தான் பேசுவார்கள் என்று தள்ளிவிடலாமா? மாநிலங்களவையின் மனுக்கள் குழு 2013இல் இதை ஆராய்ந்தது. குறைந்தபட்சம் 3,000 ரூபாய் தரவேண்டும், விலைவாசியோடு இணைக்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்தக் குழுவின் தலைவர் யார்? பகத்சிங் கோஷியாரி. எந்தக் கட்சி? பாரதிய ஜனதா! மறு ஆண்டே, 2014இல், அவர் கட்சியே ஆட்சிக்கட்டிலில் அமர்ந்தது. எதிர்க்கட்சியாய் இருந்தபோது மூவாயிரம் நியாயமாகத் தெரிந்தது. ஆளுங்கட்சியானதும் ஆயிரமே அதிகமாகத் தெரிந்துவிட்டது. பிறர் அறிக்கையைக் குப்பைக் கூடையிலே போடும் ஆட்சிகளை நாம் கண்டிருக்கிறோம். தம்மவர் தந்த அறிக்கையையே போட்ட பெருமை இவர்களுக்கு!

தமிழ்நாட்டை ஒரு கணம் ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கே முதியோர் உதவித் தொகை 1962இல் மாதம் 20 ரூபாயாகத் தொடங்கிற்று. கழக ஆட்சி 2023இல் அதை ஆயிரத்திலிருந்து 1,200 ரூபாய் ஆக்கியது. ஒரு காசும் செலுத்தாத ஆதரவற்ற முதியவருக்கு மாநிலம் 1,200 தந்தபோது, ஆயுள் முழுவதும் தன் கணக்கிலே பணம் கட்டப்பெற்ற தொழிலாளிக்கு டில்லி உறுதியளித்தது 1,000! அதே முதியோர் உதவித் திட்டத்திலும் 80 வயதுக்குட்பட்ட முதியவருக்கு மத்திய சர்க்கார் வகுத்த பங்கு மாதம் 200 ரூபாய்தான். வரியைத் திரட்டுவதிலே வல்லவர்கள், வழங்குவதிலே இவ்வளவு சிக்கனம்.

நம் வீட்டுக் குறையையும் மறைக்க வேண்டியதில்லை. 2024 ஜனவரியில் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அவர்களுடைய கோரிக்கைகளில் முன்னின்றது, ஓய்வுபெற்ற ஓட்டுநர், நடத்துநர்களுக்கு எட்டாண்டுக்கும் மேலாக நிறுத்தி வைக்கப்பட்ட அகவிலைப்படி. முந்தைய ஆட்சி 2015இலே வைத்துவிட்டுப்போன புண் என்பது உண்மை. ஆனால் புண்ணைச் சுமப்பவனுக்கு, வைத்தவர் யார் என்பதிலே அக்கறை இராது; ஆற்றுவது எப்போது என்பதே அவன் கேள்வி. டில்லியை நோக்கி விரல் நீட்டுகிற நமக்கு அந்தக் கேள்வி கேட்கவேண்டும்.

கிழவர்களின் போராட்டத்துக்கு வருவோம். மராட்டியத்தின் புல்டாணாவில் 2018 டிசம்பர் 24இல் தொடர் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். ஒருவர் மாற்றி ஒருவராக, ஆண்டுக்கணக்கில்! குறைந்தபட்சம் 7,500 ரூபாய், அதன்மேல் அகவிலைப்படி, கணவன் மனைவி இருவருக்கும் இலவச மருத்துவம் — இவை அவர்கள் கேட்பவை. மத்தியத் தொழிற்சங்கங்கள் 2025 ஜூலை 9 பொது வேலைநிறுத்தத்தில் 9,000 ரூபாய் என்று கேட்டன. டில்லியிலே ஜந்தர் மந்தரில் திரும்பத் திரும்பக் கூடினார்கள். மந்திரிகளைக் கண்டார்கள், பரிவோடு பரிசீலிப்பதாகப் பதில் வந்தது. பரிவுக்குப் பஞ்சமில்லை. ஆயிரம் ஆயிரமாகவே 2025இலும் நின்றது.

சங்கம் வைத்துப் பழகிய ஊர் நமது. பெரம்பூர் பக்கிங்காம் கர்நாடிக் ஆலைத் தொழிலாளர்களை வைத்து, 1918 ஏப்ரல் 27இல் வாடியாவும் செல்வபதி செட்டியாரும் இராமானுஜுலு நாயுடுவும் திரு.வி.க.வும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தை அமைத்தபோது, இந்தியாவிலே அதற்கு முன்மாதிரி இல்லை. அந்த ஆலை 1996இல் மூடப்பட்டது. ஆலை மூடலாம், அங்கே கற்ற பாடத்தை மூட முடியுமா? சங்க அட்டையைத் தகரப் பெட்டியிலே பத்திரமாக வைத்திருக்கும் முதியவர்களை வடசென்னையில் காணலாம். ஓய்வூதியம் என்பது எசமானின் தயவன்று, உழைத்துச் சம்பாதித்த உரிமை என்று உச்சநீதிமன்றம் 1982 டிசம்பர் 17இல், நகரா வழக்கில், கூறிற்று. அது சர்க்கார் ஊழியர் வழக்கு. எனினும் அந்த நாளை ஓய்வூதியர் நாளாகக் கொண்டாடுகிறார்கள். தீர்ப்பின் நியாயம் தனக்குப் பொருந்தாது என்று எந்தத் தொழிலாளி நினைப்பான்?

ஆண்டுக்கொரு முறை, தாம் உயிரோடிருப்பதை இவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். உயிர்வாழ் சான்றிதழ் என்று பெயர். விரலைக் கருவியில் வைக்கச் சொல்கிறார்கள். நாற்பதாண்டு பீடி இலையைத் தேய்த்துச் சுருட்டிய விரலிலே ரேகை எங்கே இருக்கும்? அழிந்துவிட்டது. கருவி ஏற்க மறுக்கிறது. முகத்தைக் காட்டினால் போதும் என்று 2022இல் வழி செய்தார்கள். அதற்கு நல்ல கைபேசி வேண்டும், காட்டித்தர ஒரு பேரன் வேண்டும். அலைந்து திரிந்து, உயிரோடிருப்பதை ஒருவாறு நிறுவிவிட்டால், வங்கிக் கணக்கில் வந்து விழும், அந்த ஆயிரம்.

டில்லிக்குப் போய் நேரிலே கேட்கலாம் என்றால் இரயில் ஏற வேண்டுமே! மூத்த குடிமக்களுக்கு இரயில் கட்டணத்தில் சலுகை ஒன்று இருந்தது. ஆடவருக்கு 40 விழுக்காடு, மகளிருக்கு 50 விழுக்காடு. நோய்த்தொற்றைக் காரணம் காட்டி 2020 மார்ச்சில் அதை நிறுத்தினார்கள். நோய் போயிற்று, முகமூடி போயிற்று, சலுகை மட்டும் 2025 வரையிலும் திரும்பவில்லை. எனவே, ஆயிரம் ரூபாய் போதவில்லை என்று ஜந்தர் மந்தரிலே முழங்கச் சென்ற கிழவர், அங்கே போய்ச் சேர முழுக் கட்டணம் கட்டினார். திரும்பி வரவும் கட்டினார். கையிலே இருந்த மனுவின் நகல் மடித்தபடியே இருந்தது. அடுத்த கூட்டத்துக்கு நாள் குறித்துக்கொண்டுதான் வீடு வந்து சேர்ந்தார்.